முதல் பயணத்துக்கு வில்லா தேறுமா?

குடும்பத்தோடு முதன்முதலாக வெளிநாடு கிளம்புகிறவர்களிடம், ஏற்கெனவே போய் வந்தவர்கள் வாடகை வில்லாவுக்காக நான்கு வாதங்களை அடுக்குவார்கள். ஓட்டலைவிட மலிவு. எல்லோரும் ஒரே வீட்டில் இருக்கலாம். நமக்குப் பிடித்ததை நாமே சமைத்துச் சாப்பிடலாம். பிள்ளைகளுக்குத் தனி நீச்சல் குளம். நான்கிலும் உண்மை இருக்கிறது. எந்தக் குடும்பத்துக்கு, என்ன நிபந்தனையில் உண்மை என்பதைத்தான் யாரும் பிரித்துச் சொல்வதில்லை. வில்லா எடுத்துப் போய்விட்டு வந்த குடும்பத்தில் அப்பாவிடம் கேட்டால் ஒரு பதில், அம்மாவிடம் கேட்டால் வேறொரு பதில் வருகிறது. அந்த வேறுபாட்டிலிருந்துதான் இந்த எடைபோடல்.

பொதுவாகப் பேசினால் எதுவும் தெளியாது என்பதால் பாலியை எடுத்துக்கொள்கிறேன். வில்லா என்றாலே நம்மவர்களுக்கு முதலில் நினைவுக்கு வரும் தீவு அது. திருச்சியிலிருந்து கோலாலம்பூர் அல்லது சிங்கப்பூர் வழியாகப் போகலாம். பெங்களூருவிலிருந்து நேரடி விமானமே இருக்கிறது. இந்தியர்களுக்கு விசா வந்திறங்கியதும் கிடைக்கும், அல்லது முன்கூட்டியே இணையத்தில் எடுத்துவிடலாம். 30 நாளுக்கு 5 லட்சம் ரூபியா. 2024 பிப்ரவரி 14 முதல் தீவுக்குள் நுழையும் ஒவ்வொரு வெளிநாட்டுப் பயணியும் தலைக்கு 1.5 லட்சம் ரூபியா தனி வரியும் கட்ட வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்கும் விலக்கு கிடையாது. லட்சம் என்றதும் பதற வேண்டாம். 5 லட்சம் ரூபியா என்பது நம் கணக்கில் ஏறத்தாழ 2,700 ரூபாய். ஆனாலும் ஏழு பேருக்கு இந்த இரண்டுமே சேர்ந்து 24,000 ரூபாயைத் தொட்டுவிடும். வாடகை மட்டும் பார்த்துத் திட்டம் போடுகிறவர்கள் இங்கேயே முதல் பள்ளத்தில் கால் வைக்கிறார்கள்.

இரண்டு குடும்பங்களை மனத்தில் வைத்துக்கொள்வோம். ஒன்று நான்கு பேர்: அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள். மற்றது ஏழு பேர்: அதே நால்வரோடு தாத்தா, பாட்டி, இன்னும் கல்யாணமாகாத ஒரு சித்தப்பா.

முதலில் மலிவு என்ற வாதம். மூன்று படுக்கையறை வில்லா ஓர் இரவுக்கு 18,000 ரூபாய் என்றும், அதே வட்டாரத்தில் சுமாரான நல்ல ஓட்டலில் ஓர் அறை 6,500 ரூபாய் என்றும் வைத்துக்கொள்வோம். விலைப்பட்டியல் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், கணக்குப் போட்டுப் பார்க்க ஓர் எண். ஏழு பேருக்கு மூன்று அறை, 19,500. வில்லாவில் 1,500 மிச்சம் என்று தோன்றும். பாலியில் பல இடங்களில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறிகள் போட்டிருப்பார்கள். அவை வரியும் சேவைக் கட்டணமும். இரண்டும் சேர்ந்து 21 விழுக்காடு வரை வரும். அதைச் சேர்த்தால் வில்லா 21,780 ஆகிவிடும். ஓட்டல் விலையில் பெரும்பாலும் காலைச் சாப்பாடு அடங்கியிருக்கும். வில்லாவில் அடங்கியிருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வில்லாக்கள் பெரும்பாலும் சந்துக்குள் இருப்பதால், ஒரு பாக்கெட் பால் வாங்கவும் வண்டி தேடும் நிலை வரலாம். ஓட்டுநரோடு ஒரு வண்டி நாளுக்கு 6 முதல் 8 லட்சம் ரூபியா. ஏழு பேர் இனோவாவில் ஏறிவிட்டால் பெட்டிகளுக்கு இன்னொரு வண்டி.

இந்த எண்களில் ஏழு பேருக்கு வில்லா மலிவாக இல்லை, ஏறக்குறைய சமமாக நிற்கிறது. நான்கு பேருக்கோ தோற்கிறது. அவர்கள் ஒரு பெரிய குடும்ப அறையிலேயே அடங்கிவிடுவார்கள். வில்லாவின் சிக்கனம் படுக்கையறைக் கணக்கில்தான் இருக்கிறது: அறைகள் கூடக்கூட ஓர் அறைக்கு விழும் வாடகை இறங்கும். இரண்டு குடும்பங்கள் சேர்ந்து நான்கைந்து அறை எடுத்தால் மலிவு வாதம் நிற்கும். அதற்குக் கீழே அது விளம்பர வாசகம்.

(பணம் பற்றி இன்னும் இரண்டே வரி. பயண நிறுவனத்திடம் எல்லாவற்றையும் மொத்தமாக வாங்கினால் மூலத்திலேயே வரி பிடிப்பார்கள். வருமானவரிக் கணக்கில் அதைச் சரிக்கட்டிக்கொள்ளலாம், ஆனால் அதுவரை பணம் முடங்கும். விகிதம் அடிக்கடி மாறுவதால் முன்பணம் கட்டும் அன்றைக்கு என்ன என்று கேட்டுக்கொள்ளுங்கள். நம் கடன் அட்டைகள் பல, வெளிநாட்டுச் செலவுக்கு 3.5 விழுக்காடு வரை கூடுதலாக எடுக்கின்றன.)

இரண்டாவது வாதம், எல்லோரும் ஒரே வீட்டில் என்பது. வில்லாவின் உண்மையான பலம் இதுதான், இதை நான் முழுமனத்தோடு ஒப்புக்கொள்கிறேன். ஓட்டலில் ஏழு பேர் மூன்று அறையில், சில சமயம் இரண்டு மாடிகளில் சிதறிக் கிடப்பார்கள். ராத்திரி பேச வேண்டுமென்றால் யாரோ ஒருவருடைய கட்டிலில்தான் எல்லோரும் உட்கார வேண்டும். பிள்ளைகள் தூங்கிவிட்டால் பெரியவர் ஒருவர் விளக்கை அணைத்துவிட்டு அந்த அறையிலேயே கைபேசி வெளிச்சத்தில் அடைபட்டுக் கிடக்க வேண்டும். வில்லாவில் பிள்ளைகளைப் படுக்கவைத்துவிட்டுக் கூடத்துக்கு வந்துவிடலாம். தாத்தா மதியம் இரண்டு மணிக்குக் கொஞ்சம் சாய்ந்தால் மற்றவர்களுடைய நாள் அதற்காக நின்றுவிடாது.

இதோடு கடிகாரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பாலி நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. விடுமுறையில் எட்டு மணிக்கு எழுந்து பழகிய பிள்ளைக்கு அங்கே விழிப்பு வரும்போது மணி பத்தரை. பல ஓட்டல்களில் காலைச் சாப்பாட்டுக் கூடத்தை மூடும் நேரம் அது. காசு கொடுத்த சாப்பாட்டைத் தவறவிடக் கூடாதென்று தினமும் அரைத்தூக்கத்தில் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு லிஃப்டுக்கு ஓடும் தாய்மார்களை எந்த ஓட்டலிலும் பார்க்கலாம். வில்லாவில் இந்த ஓட்டம் கிடையாது. தங்குமிடத்தை எடைபோடும்போது இது நட்சத்திர எண்ணிக்கையைவிடப் பெரிய விஷயம் என்பது என் கருத்து.

மூன்றாவது வாதத்தில்தான் எனக்கு வழக்கே இருக்கிறது. நாமே சமைத்துக்கொள்ளலாம் என்கிறார்களே, அந்த நாம் யார்?

கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்க வேண்டும். சுவரில்லாத கூடம், தோட்டத்தைப் பார்த்த வராந்தா, நடுவில் குளம் என்று இன்று நாம் படங்களில் பார்த்து மயங்கும் வெப்பமண்டல வில்லாவின் வடிவத்துக்குப் பாலியில் ஒரு முக்கியமான தொடக்கம் 1970களில் சனூரில் எழுந்த பதுஜிம்பார் வளாகம். ஓர் ஆஸ்திரேலிய ஓவியருக்காக அதை வரைந்தவர் இலங்கைக் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா. பெந்தோட்டைப் பக்கம் லுணுகங்காவைத் தனக்காக உருவாக்கிக்கொண்டவர் அவர். அவருடைய கூடங்களின் அழகில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை. ஆனால் அந்த வீடுகள் பணியாட்களை நம்பி நின்றவை. சமையல் பின்கட்டில் நடக்கும். வீட்டுக்காரர் முன்கட்டில் காற்று வாங்குவார். பின்னாளில் வாடகைச் சந்தைக்கு வந்தபோது வடிவம் அப்படியே இருந்தது, பின்கட்டு ஆட்கள் மட்டும் பல வில்லாக்களில் கழன்றுபோனார்கள். அவர்களிருந்த இடத்தில் இப்போது ‘வசதியான முழுச் சமையலறை’ என்ற வரி நிற்கிறது. அந்த வரியை நம்பிப் போகும் குடும்பத்தில் பின்கட்டு ஆள் மருமகள்.

அந்த முழுச் சமையலறையில் என்ன இருக்கும்? இரண்டு பர்னர் அடுப்பு, ஒரு வாணலி, அழகான தட்டுகள், ஒயின் கிளாஸ்கள். குக்கர் இருக்காது. மிக்ஸி என்ற பெயரில் பழச்சாறு அடிக்கும் ஒன்று இருக்கலாம். குழாய்த் தண்ணீரைக் குடிக்கக் கூடாது. 19 லிட்டர் தண்ணீர்க் கேன்தான் அரிசி கழுவுவதுவரை எல்லாவற்றுக்கும் நல்லது. திறந்த கூடத்தில் தாளித்தால் கடுகோடு எறும்பும் ஈயும் சேர்ந்து வரும். ஏழு பேருக்கு மூன்று வேளை. ஓட்டலில் மூன்று நேரமும் வெளியே சாப்பிடுவது செலவு என்று சொன்னவர், அந்தச் செலவை யாருடைய விடுமுறையிலிருந்து கழித்தார் என்று சொல்லவில்லை. வீட்டு அடுப்பைத் தூக்கிக்கொண்டு கடல் தாண்டிப் போவதற்கு இத்தனை லட்சம் செலவழிக்க வேண்டுமா?

இதற்கு எதிர்வாதம் உண்டு, அது வலுவானதும்கூட. சைவம் மட்டும் சாப்பிடும் பாட்டி வெளியே என்ன சாப்பிடுவார்? நியாயமான கேள்வி. பாலிச் சமையலில் டெம்பே, டோஃபு, கீரை, தேங்காய் எல்லாம் தாராளமாக உண்டு. ஆனால் சம்பலில் தெராசி என்ற இறால் விழுது கலந்திருக்கும். காய்கறிச் சாப்பாடுதான் என்று பரிமாறுகிறவர் பொய் சொல்லவில்லை. அவர் பார்வையில் அது காய்கறிதான்! இந்திய உணவகங்கள் குத்தாவிலும் செமின்யாக்கிலும் உபுத்திலும் கிடைக்கும். தினமும் அங்கே வண்டியில் போய்வர வேண்டும்.

ஆகவே சமையலறை தேவை. சமைப்பது மட்டும் நம் வீட்டுப் பெண்ணாக இருக்கக் கூடாது. சமையலாளோடு வரும் வில்லாவில் இந்தச் சிக்கலின் முடிச்சு அவிழ்ந்துவிடுகிறது. நீங்கள் பட்டியல் சொன்னால் அவர் சந்தைக்குப் போய் வாங்கி வந்து ரசீதைக் காட்டுவார். பொருளுக்கான காசும், சில இடங்களில் அதன்மேல் ஒரு சிறு கூலியும் கொடுத்தால் போதும். தெராசி வேண்டாம் என்று முதல் நாளே ஒருவரிடம் தெளிவாகச் சொல்லிவிட்டால் போதும், ஏழு உணவகங்களில் சொல்ல வேண்டியதில்லை. பச்சைக் காய்களை வேகவைத்துத் துருவிய தேங்காயோடு பிசறும் உராப்பைப் பார்த்தால் பாட்டிக்குப் பாதி ஊர் ஞாபகம் வரும். நம் பங்குக்குப் பருப்புப் பொடி, ரசப் பொடி, புளி என்று உலர்ந்த சாமான்களை எடுத்துப் போய்ச் சுங்கப் படிவத்தில் ஒளிக்காமல் எழுதிவிட வேண்டும்.

ஓர் எச்சரிக்கை. சமையலாளுக்கும் குடும்பமும் பண்டிகையும் உண்டு. பாலியின் பெரிய திருநாளான கலுங்கான், 210 நாள் கொண்ட அவர்களுடைய நாட்காட்டிப்படி வருவதால் ஆண்டுதோறும் தேதி நகரும். 2025இல் ஒருமுறை ஏப்ரல் 23 அன்று வந்தது, சரியாக நம் கோடை விடுமுறைத் தொடக்கம். அந்த நாட்களில் சமையலாள், ஓட்டுநர், துப்புரவு செய்பவர் எல்லோரும் அவரவர் ஊர்க் கோயிலில் இருப்பார்கள். தேதி போடுமுன் பார்த்துவிடுவது இரு தரப்புக்கும் மரியாதை.

நான்காவது, குளம். படத்தில் மிக அழகாகவும் நேரில் மிக ஆபத்தாகவும் இருப்பது இதுதான். தனியார் குளத்துக்குப் பாதுகாப்புச் சாதனம் வேண்டும் என்று பிரான்ஸ் 2003இலேயே சட்டம் போட்டது. ஆஸ்திரேலியாவில் வேலி இல்லாமல் வீட்டுக் குளம் வைக்க முடியாது. பாலி வில்லாவில் கூடத்தின் விளிம்பு முடியும் இடத்தில் தண்ணீர் தொடங்கும், நடுவில் எதுவும் இருக்காது. பல குளங்களில் ஆழம் குறைந்த பக்கம் என்று தனியாகவும் இராது; ஒரே மட்டமாக ஒரு சிறு பிள்ளையின் தலைக்கு மேல் நிற்கும். ஓட்டல் குளத்தை மாலையில் மூடுவார்கள். பகலில் பத்துப் பேர் கண்ணில் படும். வில்லாக் குளம் இருபத்துநான்கு மணி நேரமும் திறந்தே கிடக்கும், காவல் நீங்கள்தான். நம் நகரப் பிள்ளைகளில் நீச்சல் தெரிந்தவர்கள் எத்தனை பேர்? ஐந்து வயதுக்குக் கீழ் பிள்ளை இருந்தால், தற்காலிக வேலி போட்டுத் தருவார்களா என்று கேளுங்கள். வாடகைக்கு அப்படிப் போட்டுத் தருபவர்கள் அங்கே உண்டு. இல்லை என்றால் அந்த வில்லா வேண்டாம். இதில் நான் பேரத்துக்குத் தயாரில்லை.

இந்த நான்கு வாதங்களும் தொடாத ஒன்று மிச்சமிருக்கிறது, முதல் பயணம் என்பதால் அதற்கே எடை அதிகம். ஓட்டலில் வரவேற்பு மேசை என்று ஒன்று இருக்கிறது. ராத்திரி இரண்டு மணிக்குப் பிள்ளைக்கு ஜுரம் கொதித்தால் எந்த மருத்துவமனை, எந்த வண்டி, எவ்வளவு ஆகும் என்று அங்கே ஒருவர் விழித்திருந்து சொல்வார். நம் அறியாமையை வாங்கிக்கொள்வதற்கென்றே சம்பளம் பெறுகிறவர் அவர். இரண்டாவது மூன்றாவது பயணத்தில் அவர் தேவைப்பட மாட்டார். முதல் பயணத்தில் அவர் இல்லாத இடத்துக்கு, கொசுவும் டெங்குவும் உள்ள தீவுக்கு, எழுபது வயதுக்காரரைக் கூட்டிக்கொண்டு போவது துணிச்சல்தான், ஆனால் திட்டமிடல் ஆகாது. எனவே வில்லா வளாகத்தில் இரவிலும் ஒருவர் தங்குகிறாரா, அல்லது ‘வாட்ஸ்அப்பில் எப்போதும் தொடர்பில்’ மட்டும்தானா என்ற கேள்வியைப் படுக்கையறை எண்ணிக்கைக்கும் முன்னால் கேட்க வேண்டும். தாத்தா பாட்டிக்குப் பயணக் காப்பீடு எடுக்கும்போது சர்க்கரை, ரத்த அழுத்தத்தை மறைக்காமல் எழுதுங்கள். மறைத்தால் கட்டணம் குறையும், பணம் தேவைப்படும்போது கிடைக்காது.

இடம் எது என்பதில் எனக்குக் குழப்பமே இல்லை: சனூர். படங்களில் கொடிகட்டிப் பறப்பது சங்கு (Canggu) வட்டாரம்தான்; ஆனால் அதன் கடல் அலைச்சறுக்குக்காரர்களுக்கானது, இழுப்பு அதிகம். சனூரில் பவளத்திட்டு அலையைத் தடுத்துவிடுவதால் கரையோரம் தண்ணீர் அடங்கியிருக்கும். கடலை ஒட்டி நீளமான நடைபாதை உண்டு, பாட்டி கால் கடுக்காமல் நடக்கலாம். விமான நிலையமும் பக்கம். 2025இல் திறந்த புதிய பன்னாட்டு மருத்துவமனை அங்கேதான் இருக்கிறது. அலுப்பூட்டும் ஊர் என்று இளைஞர்கள் சொல்வார்கள். ஏழு பேர் கொண்ட முதல் பயணத்துக்கு அலுப்பு ஒரு தகுதி. சித்தப்பாவுக்கு மட்டும் கொஞ்சம் வருத்தம் இருக்கலாம்.

உபுத்தில் வயல் பார்த்த வில்லா என்ற ஆசையை இங்கே அடக்கச் சொல்வேன். இந்தோனேசியச் சட்டப்படி வெளிநாட்டவர் நிலத்தை முழு உரிமையோடு வாங்க முடியாது. நீண்ட காலக் குத்தகைக்கு எடுத்து வில்லா கட்டுகிறார்கள், அப்படிப் போவதில் நெல்வயல்களும் உண்டு. பாலியின் சுபக் நீர்ப்பங்கீட்டு முறையை யுனெஸ்கோ 2012இல் உலக மரபுச் சின்னமாக்கியது. அந்த வயல்களின் காட்சியை விற்கும் வில்லாக்களே வயல்களைத் தின்றுகொண்டிருக்கின்றன. இது அறக் கேள்வி மட்டுமல்ல. நீங்கள் முன்பதிவு செய்த வயல் காட்சி, போய் இறங்கும்போது கான்கிரீட் கலவை இயந்திரத்தின் காட்சியாக மாறியிருக்கலாம். காலை எட்டு மணிக்கே சத்தம் தொடங்கும். அதனால் வில்லாவைப் பற்றிய பழைய பாராட்டுகளை விடுங்கள். கடந்த இரண்டு மூன்று மாதங்களில் தங்கியவர்கள், அதிலும் பிள்ளைகளோடு போனவர்கள் எழுதியதை மட்டும் படியுங்கள். தளத்துக்கு வெளியே நேரடியாகப் பணம் அனுப்பினால் தள்ளுபடி என்று உரிமையாளர் சொன்னால் அத்தோடு அந்தப் பேச்சை முடித்துவிடுங்கள்.

கடைசியாகப் பள்ளி நாட்காட்டி. நம் கோடை விடுமுறையான ஏப்ரல் கடைசியும் மே மாதமும் பாலியில் மழை ஓய்ந்த பருவம். ஆஸ்திரேலியரும் ஐரோப்பியரும் குவியும் ஜூலை, ஆகஸ்ட் இன்னும் வந்திராது. வானிலையிலும் வாடகையிலும் நமக்கு அமைந்த பொருத்தம் இது. அரையாண்டு விடுமுறைக்கு அதே பாலி பொருந்தாது: டிசம்பரில் மழை, கிறிஸ்துமஸ் கூட்டம், உச்ச வாடகை எல்லாம் ஒன்றாக வரும். அப்போது இலங்கையின் தென்மேற்குக் கரைதான் சரி. பெந்தோட்டையிலும் காலிப் பக்கமும் டிசம்பர் முதல் ஏப்ரல் வரை கடல் அமைதி. மே மாதத்தில் தென்மேற்குப் பருவமழை இறங்கிவிடும். திருச்சியிலிருந்து கொழும்பு ஒரு மணி நேரப் பறப்பு. அங்கே வில்லாவோடு சமையலாள் வருவது கிட்டத்தட்ட வழக்கமே. சோறும் பருப்பும் தேங்காய்ச் சம்பலும் அவருக்குக் கைவந்தவை. அங்கேயும் மாசிக்கருவாடு வேண்டாம் என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். கிறிஸ்துமஸ் வாரத்தில் இலங்கையிலும் வாடகை ஏறும் என்பதையும் மறைக்க விரும்பவில்லை. என்றாலும் சாப்பாடுதான் முதல் கவலை என்ற குடும்பத்துக்கு, இரண்டையும் தராசில் வைத்தால் இலங்கைப் பக்கமே தட்டு சாய்கிறது. வெளிநாடு போன மாதிரியே இல்லையே என்று பிள்ளைகள் சொல்லக்கூடும். முதல் பயணத்தில் அதைக் குறையாக நான் எண்ணவில்லை.

தீர்ப்புக்கு வருகிறேன். நான்கு பேர் மட்டும் போகிறீர்கள் என்றால் வில்லா வேண்டாம்: சனூரில் கடற்கரையை ஒட்டிய நடுத்தர ஓட்டலில் குடும்ப அறை எடுங்கள். ஆறு பேரும் அதற்கு மேலும் என்றால் வில்லாவே சரி, அதுவும் மூன்று நிபந்தனைகளோடு. வாடகையோடு சமையலாள் வர வேண்டும், இரவில் வளாகத்தில் ஓர் ஆள் தங்க வேண்டும், குளத்துக்கு வேலி இருக்க வேண்டும் அல்லது சிறு பிள்ளைகள் இருக்கக் கூடாது. மூன்றில் ஒன்று குறைந்தாலும் ஓட்டலுக்குத் திரும்பிவிடலாம். பாதி நாள் உபுத், பாதி நாள் கடற்கரை என்று வீட்டை மாற்றும் யோசனை வேண்டாம். ஏழு பேரும் அவர்களுடைய பெட்டிகளும் இடம் மாறுவதற்கு ஒரு பகல் போய்விடும், உபுத்தை சனூரிலிருந்து ஒரு நாளில் பார்த்துவிட்டு வரலாம். முன்பணம் கட்டுவதற்கு முன்னால் உரிமையாளரிடம் இரண்டு படம் கேளுங்கள்: சமையலறையின் உள்பக்கம் ஒன்று, குளத்துக்கும் பிள்ளைகளின் அறைக்கதவுக்கும் இடையிலுள்ள தூரம் தெரிய இன்னொன்று. அனுப்பத் தயங்குகிறார் என்றால் அடுத்த வில்லாவைப் பாருங்கள்.